இலக்கணம் எட்டாக் கனியா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

"அறிவியல் மாணவர்களாகிய நமக்கு இலக்கணம் எதற்கு?" என்ற வினா நம் கல்லூரி மரத்தடிகளில் அடிக்கடி எழுகிறது. அரசுப் பணியை எதிர்நோக்கும் எவரும் இனி அவ்வாறு கேட்பதற்கில்லை. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் போட்டித் தேர்வுகளில் தமிழ்த்தாளைக் கட்டாயமாக்கி 2021 டிசம்பரில் அரசாணை வெளிவந்தது. அதன்படி 2022-இல் நடந்த தொகுதி 4 தேர்வின் 200 வினாக்களில் 100 தமிழுக்கு உரியவை. அப்பகுதியின் 150 மதிப்பெண்ணில் 60 பெறாதவரின் பொது அறிவு விடைகள் மதிப்பிடப்படுவதே இல்லை.

சந்திப்பிழை, மரபுப்பிழை, ஒருமை பன்மைப் பிழை என்ற தலைப்புகளைக் கண்டதுமே முதல் தலைமுறையாகப் படிக்க வந்தோரில் பலர் அஞ்சுகின்றனர். "வீட்டில் சொல்லித்தர ஆளில்லை, பயிற்சி மையத்திற்குப் பணமில்லை" என்கின்றனர். என் வீட்டிலும் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. ஆயினும் இந்த அச்சத்தில் பாதி வீண் என்பதே என் கருத்து.

சேலம், நாமக்கல் சீமையில் பிறந்தவர்க்குக் கோழி கொக்கரிக்கும், சேவல் கூவும் என்பதை எந்த வழிகாட்டி நூல் கற்பிக்க வேண்டும்? பனைக்கு ஓலை, வாழைக்கு இலை. ஆட்டுக்குக் குட்டி, மாட்டுக்குக் கன்று. பாடநூல் கூறும் சோளத்தட்டைதான் நம் காட்டில் அறுத்துப் போரிடும் சோளத்தட்டு. எழுத்தறியாத நம் தாய்மார் இம்மரபில் தவறுவதில்லை.

எஞ்சிய பாதிக்குத்தான் உழைப்பு வேண்டும். "வேலை கொடுத்தான்" என்றால் பணி தந்தான் என்று பொருள். "வேலைக் கொடுத்தான்" என்றால் வேலாயுதத்தைத் தந்தான் என்று பொருள். வேறுபாடு ஒரே ஒரு "க்". இரண்டாம் வேற்றுமை விரியில் வல்லினம் மிகும் என்று ஒப்பித்தால் மட்டும் போதாது. உப்பைப் பகுத்தறியும் முறையை ஆய்வகத்தில் செய்து பார்க்காமல் எவரேனும் கற்றதுண்டா? அதுபோல, நாளிதழின் ஒரு பத்தியில் வல்லினம் எங்கே மிகுந்தது, எங்கே மிகவில்லை, ஏன் என்று நாள்தோறும் எழுதிப் பார்க்க வேண்டும். சொந்தமாக ஒரு பக்கம் எழுதி, நண்பரிடம் கொடுத்துத் திருத்த வேண்டும். "அது என் புத்தகம் அன்று", "அவை என் புத்தகங்கள் அல்ல" என்ற வேறுபாடு அப்போதுதான் கையில் படியும். நம் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் வாரம் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்கினால் நன்றி உடையவர்களாவோம்.

இத்தேர்வு யாரைத் தேர்ந்தெடுக்கிறது? கிராம நிர்வாக அலுவலரை, இளநிலை உதவியாளரை, தட்டச்சரை. அதாவது எழுதுவதையே தொழிலாகக் கொள்ளப் போகிறவர்களை. காசு கொடுத்து மனு எழுதி வாங்கி, அதில் உள்ளது இன்னதென்று அறியாமலே கைநாட்டு வைக்கும் முதியோர் நம் ஊர்களில் இன்றும் உண்டு. அம்மனுவைப் படித்துப் பொருளுணர்ந்து, ஐயத்திற்கு இடமின்றிப் பதில் எழுதும் ஒருவர் மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்க வேண்டாமா?

ஆகவே நண்பர்களே, விடைக்குறிப்பை மனப்பாடம் செய்து அறுபதைத் தாண்டினால் போதும் என்று எண்ணாதீர்கள். மதிப்பெண்ணின் தேவை தேர்வு முடிவோடு தீர்ந்துவிடும். பிழையற எழுதும் தேவையோ பணியில் அமரும் நாளில்தான் தொடங்கும்.