மூங்கில் பள்ளிக்கூடத்தின் கணக்கு

"படிக்கிற பிள்ளைக்குச் செடி நடுவதும் ஆற்றங்கரையில் குப்பை பொறுக்குவதும் எதற்கு? பரீட்சையில் அதற்கு மார்க்கு உண்டா?" என்று கேட்காத பெற்றோர் குறைவு. கேள்வி நியாயமானதுதான். பிள்ளைகளின் நேரம் விலைமதிப்புள்ளது. அதைச் செலவு செய்கிறவர்கள் கணக்குக் காட்டத்தான் வேண்டும். அந்தக் கணக்கை இந்த வாரம் பாலித் தீவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவோமா?

இந்தோனேசியாவைச் சேர்ந்த அந்தத் தீவில், ஆயுங் ஆற்றின் கரையில், 'கிரீன் ஸ்கூல்' என்று ஒரு சர்வதேசப் பள்ளி இருக்கிறது. 2008-இல் ஜான் ஹார்டி என்ற கனடாக்காரரும் அவர் மனைவி சிந்தியாவும் அதைத் தொடங்கினார்கள். ஹார்டி நகை வியாபாரத்தில் பெரும் பொருள் ஈட்டியவர். ஆனால், சிறு வயதில் அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதே பெரும் பாடு. ஊரில் பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் அழுதுகொண்டே போன பிள்ளை அவர் என்று அவருடைய தாயார் சொல்வாராம். அப்படி அழுத பிள்ளை பெரியவரானதும் கட்டிய பள்ளிக்கூடம் எப்படி இருக்கும்? வகுப்பறைக்குச் சுவரே கிடையாது! தூண், உத்தரம், கூரைச் சட்டம் எல்லாம் மூங்கில். மரம் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். மூங்கிலோ மூன்று நான்கு வருஷத்தில் முற்றிவிடும். பூச்சி அரிக்காமல் இருக்க அதைப் போராக்ஸ் உப்புக் கரைசலில் பதப்படுத்துகிறார்கள். 2021-இல் எழுந்த விளையாட்டுக் கூடத்தின் மூங்கில் வளைவுகள் 14 மீட்டர் உயரம். நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் 19 மீட்டர் அகலத்தைத் தாண்டி நிற்கின்றன.

கணக்கு, சயன்ஸ், இங்கிலீஷ் எல்லாம் அங்கேயும் உண்டு. அவற்றோடு தோட்ட வேலை உண்டு. சமைத்து மிஞ்சிய எண்ணெயைச் சேகரித்து, வண்டி ஓட்டும் எரிபொருளாக மாற்றி, அதில் பள்ளிப் பஸ்ஸை ஓட்டும் முயற்சியும் உண்டு. பார்ப்பதற்கு வேடிக்கைதான். ஆனால், ரசாயனப் பாடத்தை அந்தப் பிள்ளை மறக்குமா?

இதுவரை சொன்னது பள்ளியின் பெருமை. கணக்கு இனிமேல்தான் வருகிறது.

2013-இல் அந்தப் பள்ளியில் மெலாத்தி, இசபெல் விஜ்சன் என்று இரண்டு சகோதரிகள் படித்தார்கள். அக்காளுக்கு வயது 12, தங்கைக்கு 10. தந்தை இந்தோனேசியர், தாய் டச்சு நாட்டுப் பெண்மணி. ஒரு நாள் வகுப்பில் உலகத்தை மாற்றிய பெரியவர்களைப் பற்றிப் பாடம் நடந்தது. மண்டேலா, டயானா, காந்தி என்று வரிசையாகப் பேசினார்கள். வீட்டுக்கு வந்த பெண்கள், "நாங்கள் பெரியவர்களாகும்வரை காத்திருக்க வேண்டுமா? இப்போதே என்ன செய்யலாம்?" என்று யோசித்தார்கள். யோசனைக்கு விடை வாசலிலேயே கிடந்தது. வயல் வாய்க்காலிலும், ஆற்றிலும், கடற்கரையிலும் பிளாஸ்டிக் பை!

பாலி மக்கள் அசுத்தமானவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். வாசலில் தினந்தோறும் ஓலைத் தட்டில் பூ வைத்துப் படைக்கிறவர்கள் அவர்கள். வாழையிலையில் பொட்டலம் கட்டிச் சாப்பிட்ட காலத்தில் இலையை எங்கே எறிந்தாலும் இரண்டு மழையில் மண்ணாகிவிடும். எறிகிற கை பழைய கைதான். எறியப்படுகிற பொருள்தான் மாறிவிட்டது. இதை நம் ஊருக்கும் பொருத்திப் பார்க்கலாம், தவறில்லை.

சகோதரிகள் 'பை பை பிளாஸ்டிக் பேக்ஸ்' என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். கடற்கரையைச் சுத்தம் செய்தார்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் போய்ப் பேசினார்கள். தீவின் விமான நிலையத்துக்குள் நின்று பிரயாணிகளிடம் கையெழுத்து வாங்க நடையாய் நடந்து அனுமதி பெற்றார்கள். கவர்னரைப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் கதவு திறக்கவில்லை.

அந்தச் சமயத்தில் பேசுவதற்காக இந்தியாவுக்கு வந்த பெண்களைப் பெற்றோர் காந்திஜி வாழ்ந்த வீடு ஒன்றுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே உண்ணாவிரதத்தின் கதையைத் தெரிந்துகொண்டவர்கள் ஊர் திரும்பியதும், "நாங்களும் உபவாசம் இருப்போம்" என்றார்கள். எந்தத் தாய் உடனே சம்மதிப்பாள்? உணவு நிபுணரின் யோசனையோடு, சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை மட்டும் என்று ஏற்பாடாயிற்று. 2014-இல் உபவாசம் தொடங்கியது. ஒரு நாள் முடிவதற்குள் போலீஸ்காரர்கள் வந்தார்கள். கைது செய்ய அல்ல, கவர்னரிடம் அழைத்துப் போக! 2018 ஜனவரிக்குள் பிளாஸ்டிக் பை இல்லாத பாலி என்று கவர்னர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

கதையை இங்கே முடித்தால் இனிப்பாக இருக்கும். ஆனால், 2018 ஜனவரி வந்தது, பை போகவில்லை. போதாததற்கு 2017 கடைசியில் கூட்டா, ஜிம்பாரான் கடற்கரைகளில் குப்பை குவிந்து, அவசரநிலையே அறிவிக்க வேண்டியதாயிற்று. அடுத்து வந்த கவர்னர் 2018 டிசம்பரில் பை, உறிஞ்சு குழல், தெர்மோகோல் மூன்றுக்கும் தடை உத்தரவு பிறப்பித்தார். அது 2019-இல் அமலுக்கு வந்தது. எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் இந்தோனேசிய உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். பத்து வயதுப் பெண் கேட்ட கேள்விக்குச் சட்டம் பதில் சொல்ல ஆறு வருஷம் பிடித்தது. அதற்குள் அவள் பதினாறு வயதுப் பெண்ணாகிவிட்டாள்.

சட்டம் வந்தும் மழைக்காலத்து மேல்காற்று இன்னும் குப்பையைக் கரைக்குக் கொண்டுவந்து தள்ளுகிறது. பெரிய கடைகளில் பை மறைந்தது; சந்தையில் முழுவதும் மறையவில்லை. எனவே, அந்தப் பெண்கள் பாலியைச் சுத்தமாக்கிவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பெரியவர்கள் பேசாமல் தாண்டிப்போன ஒரு விஷயத்தை, பேசாமல் தாண்ட முடியாதபடி செய்தார்கள்.

"அது பணக்காரப் பள்ளி, ஐயா! வெளிநாட்டார் பிள்ளைகள் படிப்பது. எங்கள் பிள்ளைக்கு எட்டுமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. உண்மைதான். உள்ளூர்ப் பிள்ளைகள் சிலருக்கு உபகாரச் சம்பளம் உண்டென்றாலும், அங்கே கட்டணம் சாமானியக் குடும்பத்துக்குக் கட்டாது. ஆனால், நடந்ததைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். மூங்கில் கூடத்துக்குப் பணம் வேண்டும். பெரியவர்களைப் பற்றிய பாடத்துக்கு வேண்டாம்; அது நம் முனிசிபல் பள்ளிப் புத்தகத்திலும் இருக்கிறது. "நீ என்ன செய்வாய்?" என்று உபாத்தியாயர் கேட்பதற்குக் காசு எதற்கு? பிள்ளை வீட்டுக்கு வந்து சொல்லும்போது, "போய்ப் படி" என்று விரட்டாமல் கேட்கிற பெற்றோருக்கு எத்தனை ரூபாய் செலவு?

கணக்கில் பெரிய வரவு அந்தக் கடைசி இனம்தான். பள்ளி விதைத்ததை வீடு பிடுங்கி எறிந்திருந்தால் மெலாத்தியும் இசபெல்லும் மறுநாள் வேறு பாடத்துக்குப் போயிருப்பார்கள்.

உங்கள் வீட்டுப் பெண் அடுத்த தடவை, "அம்மா, கடைக்குத் துணிப்பை எடுத்துக்கொள். பள்ளியில் சொன்னார்கள்" என்று வாசலில் வழிமறிப்பாள். நேரமாகிவிட்டது என்று நகராதீர்கள். உள்ளே போய்ப் பையை எடுத்து வாருங்கள். மார்க்கு அதற்கும் உண்டு, போடுகிறவள் அவள்.