பகேரியாவின் எலுமிச்சைத் தோட்டங்களும் நாற்பத்தொன்பது வீதமும்

பலெர்மோவிலிருந்து கிழக்கே கடற்கரையோரமாகச் செல்லும் புகையிரதத்தில் ஏறினால் சிறிது நேரத்தில் பகேரியா வந்துவிடும். பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறிப் புனித ரொசாலியாவை வணங்கும் எம்மவர் பலருக்கும் இந்நகர் பழக்கமானதே. ஆயினும் அங்கு கிராமியச் சுற்றுலா யார் கையால், எவ்விதிப்படி வளர்க்கப்படுகிறது என்பதை நாம் போதியளவு கவனித்ததில்லை. கவனிக்க வேண்டிய காரணம் உண்டு.

ஒரு காலத்தில் பலெர்மோப் பிரபுக்கள் எலுமிச்சைத் தோட்டங்களின் நடுவே கோடைகால மாளிகைகளைக் கட்டிய ஊர் அது. மதிலெங்கும் கோர உருவங்கள் நிற்கும் பலகோனியா மாளிகை 1715 இல் தொடங்கப்பட்டது. 1787 இல் அங்கு வந்த ஜேர்மன் கவிஞர் கோதே அவ்வுருவங்களைக் கண்டு முகஞ்சுளித்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த பத்தாண்டுகளில் தோட்டங்கள் அழிக்கப்பட்டு, மாளிகைகளின் வாசல்வரை சீமெந்துக் கட்டடங்கள் எழுந்தன. 1980களின் தொடக்கத்தில் பகேரியா, காஸ்தெல்தாச்சா, அல்தவில்லா ஆகிய மூன்று ஊர்களுக்கும் 'மரண முக்கோணம்' என்ற பெயர் வந்தது. எழுத்தாளர் தாச்சா மராயினி 1993 இல் இவ்வூரின் பெயரையே தலைப்பாக்கி எழுதிய நூலில் இந்த அழிவைப் பேசினார். உள்ளூர் முதலாளிகளும் பொது நிர்வாகமும் அக்காலத்திலும் ஒத்துழைக்கத்தான் செய்தனர். கதவை மூடிக்கொண்டு ஒத்துழைத்தனர் என்பதே வேறுபாடு.

இன்று பகேரியாவைத் தலைமையிடமாகக் கொண்டு 'மெட்ரோபொலி எஸ்ட்' என்னும் உள்ளூர்ச் செயற்குழு இயங்குகிறது. அயலிலுள்ள நகரசபைகளும் தனியார் தரப்பினரும் இதில் பங்காளிகள். 1991 இல் ஐரோப்பிய சமூகம் ஆரம்பித்த 'லீடர்' திட்டத்தின் வழிவந்த அமைப்பு இது. இத்தகைய குழுக்களைப் பற்றிய 2013 ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒழுங்குவிதி, பொது நிறுவனங்களோ வேறெந்த நலன்சார் தரப்போ தீர்மானம் எடுக்கும் இடத்தில் 49 வீதத்துக்கு மேல் வாக்குரிமை கொண்டிருக்கலாகாது என்றது. 2021 இன் ஒழுங்குவிதி எந்தவொரு தரப்பும் தீர்மானத்தைக் கட்டுப்படுத்தலாகாது என்று மட்டும் சொல்லி, இலக்கத்தைக் கைவிட்டது. இது பின்னடைவு என்றே நாம் கருதுகிறோம். இலக்கத்தை எண்ணிப் பார்க்கலாம். 'கட்டுப்பாடு' என்ற சொல்லை வழக்கறிஞர்கள் எப்படியும் வளைப்பர்.

பகேரியாவில் காட்டுவதற்கும் விற்பதற்கும் நிறையவே உண்டு. பலகோனியா தனியார் சொத்து. ஓவியர் ரெனாத்தோ குத்தூசோவின் படைப்புகளைக் கொண்ட கத்தோலிக்கா மாளிகை நகரசபைக்குரியது. அஸ்பிரா கடற்கரையில் நெத்தலி பதனிடும் குடும்பமொன்று அத்தொழிலுக்கே அருங்காட்சியகம் அமைத்துள்ளது. விவசாயி தன் பண்ணையில் விருந்தினரை ஏற்பதற்கு 1985 இலும் பின்னர் 2006 இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. விவசாயமே முதன்மைத் தொழிலாக இருக்கவேண்டும் என்பது அவற்றின் நிபந்தனை. வெளியார் நிலத்தை வாங்கி விடுதி மட்டும் நடத்துவதை இது தடுக்கிறது. அதே பலெர்மோ மாகாணத்தின் சான் ஜுசெப்பே யாத்தோப் பகுதியில், மாபியாக்களிடமிருந்து பறிமுதலான நிலங்களை நகரசபைகள் ஒன்றிணைந்து இளைஞர் கூட்டுறவுச் சங்கங்களிடம் ஒப்படைத்தன. 1996 ஆம் ஆண்டின் சட்டம் இதற்கு வழிவகுத்தது. கொலைகாரரின் பண்ணை வீடு பயணிகளின் விடுதியாயிற்று.

குறைகளும் உள. உதவி பெறுவோர் பெரும்பாலும் முதலில் தம் பணத்தைச் செலவிட்டுப் பின்னரே அதை மீளப்பெறுகின்றனர். முற்பணம் வேண்டுமாயின் வங்கி உத்தரவாதம் கேட்கப்படுகிறது. கைப்பணமில்லாத சிறு விவசாயி வாசலிலேயே நின்றுவிடுகிறான். வாக்குரிமை பகிரப்பட்டது போல மூலதனம் பகிரப்படவில்லை.

இவையெல்லாம் எமக்கென்ன என்று கேட்போர், காங்கேசன்துறையை நினைத்துப் பார்க்கட்டும். 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேற்றப்பட்டனர். 2009 இல் போர் முடிந்தபின், அவர்கள் திரும்பிச் செல்ல முடியாதிருந்த உயர் பாதுகாப்பு வலயத்தில், இராணுவமே 'தல்செவன' என்ற கடற்கரை விடுதியைத் திறந்து நடத்தியது. கடல் அதே கடல்; சமைத்தவரும் காசெண்ணியவரும் வேறு. அங்கு பொது நிறுவனத்தின் பங்கு நாற்பத்தொன்பது அன்று, நூறு. பிரதேச சபையும் மீனவர் கூட்டுறவுச் சங்கமும் நிலத்துக்குரியவரும் ஒரே மேசையில் வாக்குடன் அமரும் ஏற்பாட்டைத் தாயகத்தின் சுற்றுலாத் திட்டங்களுக்கு நாம் கோரும்போது, பகேரியாவை முன்னுதாரணமாகக் காட்ட முடியும்.

பலெர்மோவிலும் ஒரு கேள்வி எஞ்சியுள்ளது. விடுதிகளைத் துப்புரவாக்குவோரிலும் உணவகங்களில் பாத்திரம் கழுவுவோரிலும் எம்மவர் பலர். ஆயினும் சுற்றுலாவைத் திட்டமிடும் கூட்டங்களில் எம் குரல் கேட்பதில்லை. பங்காளிகளாகும் சங்கங்கள், கூட்டுறவுகள் எவை, அதற்குரிய நிபந்தனைகள் யாவை என்பதைக் கேட்டறிவதற்கு எமது அமைப்புகளிலிருந்து இருவர் ஒருநாள் பகேரியாவுக்குப் புகையிரதம் ஏறினால் போதும்.