கடைசிப் பிள்ளைக்குத் தேய்ந்த ரயரா?

ஒரு கேள்வி. பதிலை இப்போதே வீட்டு வாசலில் போய்ப் பார்த்துச் சொல்லலாம். உங்கள் வீட்டில் நிற்கும் கார்களில் எதற்கு வின்ரர் ரயர் போட்டிருக்கிறது?

ஸ்காபரோ, மார்க்கம், பிறம்ரன் என்று எனக்குத் தெரிந்த வீடுகளில் பதில் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்பாவின் புது எஸ்யூவிக்கு இருக்கும். அம்மாவின் காருக்குச் சிலவேளை இருக்கும். முதலில் அப்பா ஓடி, பிறகு அக்கா ஓடி, இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கும் பழைய கொரோலாவுக்கு இருக்காது. "பக்கத்தில யூனிக்கும் வேலைக்கும் தானே ஓடுறாய், உதுக்கு ஏன் வின்ரர் ரயர்?" என்பார்கள்.

பக்கத்தில்தான். ஆனால் எந்த நேரத்தில்? அப்பா பின்னேரம் ஐந்து மணிக்கு வருகிறார். அதற்குள் வீதியில் உப்புப் போட்டாயிற்று, பனி தள்ளும் வண்டியும் போயாயிற்று. நீங்கள் கோப்பிக் கடையைப் பூட்டிவிட்டு, அல்லது லாபில் இருந்து வெளிக்கிட்டு, இரவு பன்னிரண்டு மணிக்கு வருகிறீர்கள். லைசன்ஸ் எடுத்து ஒரு வருடம்தான். ஆக, வீட்டிலேயே அனுபவம் குறைந்த சாரதி, வீதி மிக மோசமாக இருக்கும் நேரத்தில், வீட்டிலேயே மோசமான ரயரில் ஓடுகிறார். யாரும் திட்டம் போட்டு இப்படிச் செய்யவில்லை. ஆனால் வருடா வருடம் நடக்கிறது, யாரும் கேட்பதில்லை.

எனக்கும் நடந்தது. பத்தொன்பது வயது, பெப்ரவரி மாதம், இரவு. எல்ஸ்மியரில் இருந்து தெற்கே மோர்னிங்சைட் வீதி ஹைலன்ட் கிறீக் பள்ளத்துக்குள் இறங்கும். அந்த இறக்கத்தில் நாற்பதில்தான் வந்துகொண்டிருந்தேன். கீழே ஒரு பஸ் நின்றது. பிறேக்கை மிதித்தேன். காலுக்குக் கீழே ஏபிஎஸ் கடகடவென்று அடித்தது, கார் நிற்கவில்லை. பஸ்ஸின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பி, நடைபாதைக் கல்லில் ஏற்றி நிறுத்தினேன். றிம் வளைந்து போனது. எனக்கு ஒன்றுமில்லை, வேறு எவருக்கும் ஒன்றுமில்லை.

அப்பா வந்தார். முதல் கேள்வி, "ஏன் உவ்வளவு வேகமா வந்தனீ?"

நாற்பதில் வந்தேன் என்று சொன்னதை அவர் நம்பவில்லை. கொஞ்ச நாளில் நானே நம்பவில்லை. எனக்குக் கார் ஓடத் தெரியாது என்றே பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். பொருட்களின் இயல்பு பற்றிய ஒரு பாடத்தில், குளிரில் றப்பர் எப்படி மாறும் என்று வளைகோடு ஒன்றைக் காட்டினார்கள். அன்றைக்குத்தான் அந்த இரவு எனக்கு விளங்கியது.

ரயர் வீதியைப் பிடிப்பது றப்பர் மெதுமையாக இருந்து வீதியின் சின்னச் சின்ன மேடுபள்ளங்களுக்குள் அமிழ்வதால்தான். வெப்பநிலை சுமார் 7 பாகைக்குக் கீழே போகும்போது சாதாரண ஓல் சீசன் ரயரின் றப்பர் இறுகத் தொடங்கும். கழித்தல் 15 பாகையில் அது ஹொக்கித் தட்டு மாதிரி. வின்ரர் ரயரின் றப்பர் கலவையே வேறு, அந்தக் குளிரிலும் மெதுமையாக இருக்கும்படி செய்தது. அதன் மேல்முகத்தில் கத்தியால் கீறியது போல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். அந்த விளிம்புகள்தான் பனியைக் கடித்துப் பிடிக்கும். அதனால் இது பனி பெய்கிற நாளுக்கு மட்டும் உரிய ரயர் அல்ல. பனியே இல்லாத, காய்ந்த, கடும் குளிர் நாளிலும் வேலை செய்யும்.

"ஓல் சீசன்" என்ற பெயரைப் போல ஏமாற்றுப் பெயர் வேறு இல்லை என்பேன். எந்த ஊரின் எல்லாக் காலமும்? பக்கச் சுவரில் "எம்+எஸ்" என்று எழுதியிருக்கும், சேறும் பனியும் என்று அர்த்தம். அந்த எழுத்தைப் போட எந்தப் பனிச் சோதனையும் தேவையில்லை. பள்ளங்களின் வடிவமைப்பை வைத்தே போட்டுவிடலாம். நீங்கள் தேட வேண்டியது மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ உள்ள குறியை. அது சோதித்துக் கொடுக்கும் குறி. அதிலும் ஒரு சங்கதி இருக்கிறது: அந்தச் சோதனை இறுகிய பனியில் ரயர் எவ்வளவு இழுக்கிறது என்பதைத்தான் அளக்கிறது. நிறுத்துவதையும் அளப்பதில்லை, கண்ணாடிப் பனிக்கட்டியையும் அளப்பதில்லை. ஆகவே அந்தக் குறி தொடக்கம் மட்டுமே.

இனி மாமாமாரிடம் வருவோம். ஒவ்வொரு பிறந்தநாள் விழாவிலும் ஒரு மாமா சொல்வார்: "எனக்கு ஓல் வீல் டிரைவ் இருக்கு, உதொண்டும் தேவையில்லை."

மாமா, ஓல் வீல் டிரைவ் என்பது எஞ்சினின் பலத்தை நான்கு சக்கரத்துக்கும் கொடுப்பது. சிவப்பு விளக்கில் இருந்து வெளிக்கிட உதவும், மேட்டில் ஏற உதவும். நிறுத்தும்போது எஞ்சின் தள்ளுவதில்லை, பிறேக்தான் பிடிக்கிறது. நான்கு சக்கரத்துக்கும் பிறேக் என் பழைய கொரோலாவிலும் இருந்தது! சொல்லப்போனால் ஓல் வீல் டிரைவ் இன்னும் ஆபத்து. வெளிக்கிடும்போது சக்கரம் சுற்றாததால், வீதி எவ்வளவு வழுக்குகிறது என்பது பிறேக் போடும்வரை தெரியாது.

ஏபிஎஸ்ஸும் அப்படித்தான். கனடாவில் 2011 செப்டம்பருக்குப் பிறகு செய்த கார்களில் கட்டாயமாக்கிய நிலைத்தன்மைக் கட்டுப்பாடும் அப்படித்தான். இரண்டும் நல்ல சாமான்கள். ஆனால் ரயரிடம் இருக்கும் பிடியைப் பங்குபோட்டுக் கொடுக்கத்தான் அவற்றால் முடியும். இல்லாத பிடியை உண்டாக்க முடியாது.

"முப்பது வருசமா ஓடுறன், ஒண்டும் நடக்கேல்லை" என்பது அடுத்தது. ஒன்றும் நடக்காதவர்தானே விழாவில் நின்று கதைக்கிறார்.

"மெதுவா ஓடினால் காணும்" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிக்கு ஒரு கணக்கு. 60 கிலோமீற்றர் வேகம். பனி வீதியில் உராய்வுக் குணகம் ஒரு ரயருக்கு 0.3, மற்றதற்கு 0.2 என்று வையுங்கள். இவை கணக்குக்காக நான் எடுத்த எண்கள், வீதியைப் பொறுத்து மாறும். வேகத்தின் வர்க்கத்தை, குணகத்தையும் புவியீர்ப்பையும் பெருக்கிய தொகையின் இரண்டு மடங்கால் பிரியுங்கள். முதல் கார் 47 மீற்றரில் நிற்கும். இரண்டாவது காருக்கு 71 மீற்றர் வேண்டும். முதல் கார் முழுதாக நின்றுவிட்ட அந்த இடத்தில் இரண்டாவது கார் எவ்வளவு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்? மணிக்கு ஏறத்தாழ 35 கிலோமீற்றர். அந்த இடத்தில் ஒரு ஆள் வீதியைக் கடந்துகொண்டிருந்தால்? மெதுவாக ஓடலாம்தான். ஆனால் ரயரின் குறையை வேகத்தில் ஈடுசெய்ய வேண்டுமென்றால் 60க்குப் பதிலாக 49இல் ஓட வேண்டும், ஒவ்வொரு இரவும், பின்னால் லொறி ஒன்று லைட் அடிக்க அடிக்க.

காசுதான் உண்மையான வாதம். அதை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். நம் அப்பாமார் மண்ணெண்ணெயில் கார் ஓடிய யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்கள். இருக்கும் ஒன்றைத் தூக்கி வைத்துவிட்டு இன்னொன்றை வாங்குவது அவர்களுக்கு வீண்செலவாகவே தெரியும். ஆனால் கணக்கை முழுதாகப் பாருங்கள். வின்ரர் ரயர் ஓடும் மாதங்களில் மற்ற நான்கும் தேய்வதில்லை, இரண்டு செட்டும் கூடக் காலம் வரும். 2016 ஜனவரியில் இருந்து ஒன்ராறியோவில் எல்லா இன்சூரன்ஸ் கொம்பனியும் வின்ரர் ரயருக்குக் கழிவு கொடுத்தாக வேண்டும். கேட்டால்தான் தருவார்கள், கேளுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது: ஒன்ராறியோவின் பிழை தீர்மானிக்கும் விதிகளில் வானிலைக்கு இடமே இல்லை. "பனியில சறுக்கிப் போச்சு" என்றாலும் முன்னால் நின்ற காரை இடித்தால் பிழை உங்களுடையதுதான். இருபது வயதில் ஒரு பிழை விபத்துக்குப் பிறகு வருகிற இன்சூரன்ஸ் பில்லையும் நான்கு ரயரின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மொன்றியலில் இருக்கும் என் சித்தப்பா வீட்டில் இந்த வாக்குவாதமே இல்லை. கியூபெக்கில் 2008இல் இருந்து சட்டம்: இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, அங்கே பதிந்த கார் எல்லாவற்றுக்கும் வின்ரர் ரயர் கட்டாயம். போடாவிட்டால் தண்டம். அங்கே உள்ள தமிழர் யாரும் இதனால் தெருவுக்கு வந்துவிடவில்லை. ஒன்ராறியோ கழிவோடு நிறுத்திக்கொண்டது. கழிவு என்பது யோசிப்பவனுக்கு, சட்டம் என்பது யோசிக்காதவனின் பிள்ளைக்கு. சட்டம் வந்தால் உபர் ஓடுபவருக்கும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவருக்கும் முதலில் வலிக்கும் என்பது சரி. அவர்களுக்குத் தவணையோ உதவியோ கொடுங்கள். பனியில் அதிகம் ஓடுபவரும் அவர்கள்தானே.

டிசம்பர் வந்ததும் கடைகளில் வேறு பல சாமான்கள் தொங்கும்: சக்கரத்துக்குக் கீழே வைக்கும் பிளாஸ்ரிக் பலகை, துணி உறை, சங்கிலி, பூனை மணல். சங்கிலி மலைப்பாதைக்குரியது, உப்புப் போட்ட 401இல் அதற்கு வேலையில்லை. ஆணி ரயர் வட ஒன்ராறியோக்காரருக்கு மட்டும், நமக்கு அனுமதி இல்லை. பலகையும் ஒரு சிறிய மண்வெட்டியும் டிக்கியில் கிடக்கட்டும். பூனை மணல் கட்டிபிடிக்கும் வகை என்றால் ஈரத்தில் களியாகிவிடும், சாதாரண மணலே மேல். பனிக்குள் புதைந்து எஞ்சினைப் போட்டபடி இருந்தால் முதலில் புகைக்குழாயைச் சுற்றித் தோண்டுங்கள், இல்லாவிட்டால் புகை காருக்குள் வரும், ஆளைக் கொல்லும். ஆனால் இவை எல்லாமே புதைந்த காரை வெளியே எடுக்கத்தான். 401இல் உங்களை நிறுத்தப்போவது டிக்கியில் கிடக்கும் எதுவும் அல்ல.

வாங்கும்போது நான்காக வாங்குங்கள். முன்னுக்கு இரண்டு மட்டும் போட்டால் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது, வளைவில் கார் சுழன்றுவிடும். பழையது வாங்குவதில் வெட்கமில்லை, ஆனால் பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் வேண்டாம். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 3522 என்றால் 2022ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. இரும்பு றிம்மோடு வாங்கினால் மாற்றும் செலவு குறையும். கொண்டோவில் இருக்கிறீர்கள், வைக்க இடமில்லையா? ஓல் வெதர் என்று ஒரு வகை உண்டு, ஓல் சீசன் அல்ல, மலைக்குறி உள்ளது, வருடம் முழுக்க ஓடலாம். நல்ல வின்ரர் ரயர் அளவுக்கு வராது. இறுகிய ஓல் சீசனை விட எவ்வளவோ மேல்.

வீட்டில் ஒரு செட்டுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், அது எஸ்யூவிக்கு அல்ல, உங்கள் காருக்கு. இதை நீங்கள்தான் வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்பது பஞ்சிதான். போனுக்குக் கேட்டீர்கள், சப்பாத்துக்குக் கேட்டீர்கள், இதையும் கேளுங்கள். ஒக்டோபருக்குள் கேளுங்கள், முதல் பனி விழுந்த அன்றைக்குக் கடைகளில் நம் அளவு தீர்ந்துவிடும். அளவு ரயரிலேயே 195/65 ஆர்15 என்ற மாதிரி எழுதியிருக்கும், படம் எடுத்து வையுங்கள்.

அப்பா வேண்டாம் என்றால் மேலே உள்ள 47, 71, 35 கணக்கை ஒரு பேப்பரில் போட்டுக் காட்டுங்கள். பிழை கண்டுபிடித்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள். என் அப்பாவுக்கும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் பார்த்துவிட்டு, "அப்ப அண்டைக்கு நீ நாப்பதிலதான் வந்தனியோ?" என்று கேட்டார்.