ஒரே கதை, ஒரே இயக்குநர்: மொழி மாறினால் படத்தின் குடியுரிமையும் மாறுமா?



அப்டிலின் ஷவ்கி என்ற பெயர் உங்களுக்குப் புதிதல்ல. 1971இல் பிறந்தவர். 1990களில் மேடை நகைச்சுவையிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்துப் பெயர் வாங்கியவர். 2004இல் 'பூலி' படத்தின் மூலம் இயக்குநர் ஆனார். பிறகு 2005இல் 'பாயிக் புஞ்ஞா சிலோக்', 2007இல் 'சுமோலா', 2009இல் 'பப்படோம்' என்று வரிசையாகப் படங்கள். தொலைக்காட்சி நடிகர் ஒருவர் இயக்குநர் நாற்காலியைப் பிடித்த கதை இது.

தமிழர் உரிமை பேசும் இந்தப் பக்கத்தில் ஒரு மலாய்க் கலைஞருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இந்நாட்டில் தமிழ்ப் படத்தை எந்த இடத்தில் நிற்க வைத்தார்கள் என்பதை விளக்க, இவருடைய இரண்டு படங்களைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு படம், ஒரு கதை

'பப்படோம்' ஒரு தந்தையின் கதை. சோறு விற்றுப் பிழைக்கும் மனிதர். மனைவியை இழந்த பின் ஒரே மகளைக் கண்ணுக்குள் வைத்து வளர்க்கிறார். மகள் பல்கலைக்கழகம் போனதும் மனம் கேட்காமல் அவள் பின்னாலேயே போய், அங்கேயே ஒரு வேலையிலும் சேர்ந்துவிடுகிறார். சிரிப்பும் கண்ணீருமாகப் போகும் அந்தப் படம் 2009ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படத்துக்கான விருதை வென்றது.

2011இல் அதே அப்டிலின் அதே கதையைத் தமிழில் எடுத்தார். படத்தின் பெயர் 'அப்பளம்'. எடுத்தவர் மலேசியர், நடித்தவர்கள் மலேசியர்கள், கதை நடப்பது மலேசியாவில். மாறியது ஒன்றே ஒன்றுதான்: பாத்திரங்கள் பேசிய மொழி.

இப்போது 2016ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவுக்கு அறிவிக்கப்பட்ட விதி என்ன? மலாய்மொழிப் படங்கள் ஒரு வரிசை. மலாய் அல்லாத படங்கள் இன்னொரு வரிசை. இந்த விதியை நம்முடைய இரண்டு படங்களுக்கும் பொருத்திப் பாருங்கள். 'பப்படோம்' வீட்டுப் பிள்ளையாக நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும். 'அப்பளம்' விருந்தாளியாகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும். ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்கு மட்டும் பிறப்புச் சான்றிதழ் தர மறுப்பது போன்றதுதானே இது?

'ஜகாட்' கேட்ட கேள்வி

அந்த 2016 விதியில் உண்மையிலேயே மாட்டிக்கொண்ட படம் சஞ்சை குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்'. 2015 டிசம்பரில் திரைக்கு வந்தது. தோட்டத்தை இழந்து புறம்போக்குக் குடியிருப்பில் ஒதுங்கிய குடும்பம், அப்பா ஒரு பக்கமும் குண்டர் கும்பலில் சேர்ந்த சித்தப்பன் இன்னொரு பக்கமும் இழுக்க நடுவில் தவிக்கும் சிறுவன் அப்போய். 1990களின் தொடக்கத்தில் நடக்கிற கதை.

லோபாக்கில் இருப்பவர்களுக்கு இந்தக் கதையை நான் விளக்கத் தேவையில்லை. சிரம்பானைச் சுற்றி, ராசா, லாபு, மம்பாவ், நீலாய் என்று போகிற வழியெல்லாம் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள். அவை செம்பனையாகவும் வீடமைப்பு நிலங்களாகவும் மாறியபோது லயத்துச் சனம் எங்கே போனது? பட்டணத்து ஓரங்களுக்குத்தான். அந்தப் பெயர்ச்சியைப் படமாக்கியது மலேசிய வரலாறு இல்லையென்றால் வேறு எந்த நாட்டு வரலாறு? அதற்கு முன்பே 2005இல் தீபக் குமரன் மேனன் 'செம்மண் சாலை' எடுத்தார். 1960களின் தோட்டத்தில் பல்கலைக்கழகக் கனவு காணும் ஒரு பெண்ணின் கதை. இந்த மண்ணின் செம்மண்ணைத்தான் அவரும் காட்டினார்.

2016இல் பிரிவினை விதி வெளியானதும் எதிர்ப்புக் கிளம்பியது. முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒளிப்பதிவாளர் முகமட் நூர் காசிம் ஒருவர். அப்டிலினும் எதிர்த்தார். சிஐஎம்பி வங்கிக் குழுமத்தின் அன்றைய தலைவர் நசிர் ரசாக் விழாவுக்கான ஆதரவை விலக்கிக்கொள்வதாக அறிவித்தார். அதன் பிறகே விதி தளர்ந்தது. மொழி வேறுபாடு பாராமல் சிறந்த மலேசியப் படத்துக்கு ஒரு விருதும், தேசிய மொழிப் படத்துக்கென்று தனி விருதும் வைத்தார்கள். கதவைத் திறந்துவிட்ட அந்த ஆண்டே 'ஜகாட்' சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. "தமிழ்ப் படத்தில் தரம் இல்லை" என்று சொல்லி வந்தவர்களுக்கு இதைவிடப் பதில் வேண்டுமா?

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தேசிய மொழியை நாம் எதிர்க்கவில்லை. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 152ஆவது பிரிவு மலாயைத் தேசிய மொழி என்கிறது. ஏற்கிறோம். ஆனால் அதே பிரிவைக் கடைசிவரை படிக்க வேண்டும். அதிகாரப்பூர்வக் காரியங்களைத் தவிர மற்றவற்றில் வேறு எந்த மொழியையும் பயன்படுத்தவும் கற்கவும் கற்பிக்கவும் யாரையும் தடுக்கக்கூடாது என்று அங்கேயே எழுதியிருக்கிறது. மற்ற சமூகங்களின் மொழிகளைப் பேணி வளர்க்க மத்திய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் உள்ள உரிமைக்கும் அது பாதுகாப்புத் தருகிறது.

கதைப் படம் எடுப்பது அதிகாரப்பூர்வக் காரியமா? அரசாங்கச் சுற்றறிக்கையா? இல்லை. தமிழில் படம் எடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் தடுக்காமல் விடுவது வேறு, சமமாக நடத்துவது வேறு. பினாஸ் எனப்படும் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பொது நிறுவனம். நம் வரிப்பணமும் அதில் இருக்கிறது. பொதுப்பணத்தில் இயங்கும் கழகம் ஒரு படத்தை மலேசியப் படமா என்று அளக்கும்போது, எடுத்தவர் யார், முதல் யாருடையது, எங்கே எடுத்தது என்று பார்ப்பது நியாயம். பாத்திரம் "அப்பா" என்று கூப்பிடுகிறதா, "பாப்பா" என்று கூப்பிடுகிறதா என்று பார்ப்பது நியாயமல்ல.

"தேசிய மொழிக்கு முதல் மரியாதை வேண்டாமா?" என்று கேட்பவர்கள் இந்தியாவைப் பார்க்கட்டும். அங்கே மத்திய அரசின் ஆட்சிமொழி இந்தி. ஆனாலும் தேசியத் திரைப்பட விருதில் சிறந்த கதைப்படம் என்பது எல்லா மொழிக்கும் பொது. 'மறுபக்கம்' அதை வென்ற முதல் தமிழ்ப் படம். 2007ஆம் ஆண்டுக்கான விருது 'காஞ்சிவரம்' படத்துக்குப் போனது. ஒவ்வொரு மொழிக்கும் தனி விருதும் உண்டு. அதனால் இந்தி சிறுத்துவிடவில்லை. கனடாவைப் பாருங்கள். 2015இல் அந்நாட்டின் சிறந்த படம் என்ற விருதைப் பிரெஞ்சு மொழிப் படமான 'மம்மி' வாங்கியது. ஆங்கிலம் பேசும் கனடியர் எவரும் குடி முழுகியதாக அழவில்லை.

அடுத்தவர் குரலில் எத்தனை நாள்?

அப்டிலின் குரல் கொடுத்தார், நன்றி. முகமட் நூர் காசிம் குரல் கொடுத்தார், நன்றி. உரிமைக்கு இனம் கிடையாது என்பதை அவர்கள் காட்டினார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். பெயர் பெற்ற கலைஞர்களும் ஒரு வங்கித் தலைவரும் பேசிய பிறகுதான் நம் படத்துக்கு இடம் கிடைத்தது. அவர்கள் பேசாமல் இருந்திருந்தால்? 2007 நவம்பர் 25இல் பல்லாயிரம் பேர் கோலாலம்பூர் வீதியில் இறங்கியது, நமக்காக நாமே பேச வேண்டும் என்ற பாடத்தைக் கற்றதால்தானே? அந்தப் பாடம் கோயிலுக்கும் பள்ளிக்கும் மட்டுமா? கலைக்குக் கிடையாதா?

2016இல் கிடைத்தது ஒரு விழாவின் விதிமாற்றம். சட்டம் அல்ல. ஒரு குழு போட்ட விதியை இன்னொரு குழு அழிக்கலாம். ஆகவே நாம் கேட்க வேண்டியது இதுதான்: மலேசியப் படம் என்றால் என்ன என்பதை மொழியைச் சாராமல், எழுத்தில், விதிமுறையாக வெளியிட வேண்டும். விருது, நிதியுதவி, திரையரங்கில் இடம் ஆகிய மூன்றுக்கும் அதே விளக்கம் பொருந்த வேண்டும். தேர்வுக் குழுக்களில் தமிழும் சீனமும் தெரிந்தவர்கள் உட்கார வேண்டும். வசனம் புரியாதவர் வசனத்துக்கு மதிப்பெண் போடுவது எந்த ஊர் நியாயம்?

நம் வீட்டையும் கொஞ்சம் பார்ப்போம். லோபாக்கிலும் தோட்டப்புறங்களிலும் தொலைக்காட்சி நாடகத்தில் ஒரு காட்சியாவது நடிக்க வேண்டும் என்று துடிக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கையில் கிடைத்த தாளில் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். தம்பிகளே, தங்கைகளே, 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆவது பிரிவை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவர் பணம் கொடுத்து உங்களிடம் எழுதி வாங்கும் படைப்பின் உரிமை, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாத வரை, பணம் கொடுத்தவருக்கே போய்விடும். உங்கள் கதையை நாளைக்கு நீங்களே படமாக்க நினைத்தால் அவரிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கும். ஒரு கதையை வேறொரு மொழியில் மறுபடி எடுக்க வேண்டுமானாலும் உரிமை கையில் இருக்க வேண்டும். கூலி எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். உரிமை யாருக்கு என்றும் கேளுங்கள்.

வாசகர்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. தமிழ்நாட்டு நட்சத்திரத்தின் படத்துக்கு முதல் நாளே குடும்பத்தோடு போகிறோம். உள்ளூர்ப் படம் வந்தால் "பிறகு பார்க்கலாம்" என்கிறோம். 'பிறகு' வருவதற்குள் படத்தைத் தூக்கிவிடுகிறார்கள். முதல் வாரமே போய்ப் பாருங்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். பார்க்காமலேயே ஒதுக்காதீர்கள்.

நாம் சலுகை கேட்கவில்லை. தமிழ்ப் படத்துக்குப் பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்றும் கேட்கவில்லை. ஒரே திடலில் ஓட விடுங்கள். தோற்றால் தோற்றுப் போகிறோம். ஆனால் ஓடுவதற்கு முன்பே "நீ வேறு திடலுக்குப் போ" என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. 'பப்படோம்' மலேசியப் படம் என்றால் 'அப்பளமும்' மலேசியப் படமே.