மூன்று வருஷத்துக்கு மட்டும் மலையேறுகிறவர்கள்

ஹட்டன் டவுனில் வாடகைக்கு வீடு தேடி வருகிறவர்கள் இரண்டு வகை. மாற்றலாகி வரும் ஆசிரியர், வங்கியில் வேலை கிடைத்தவர், தோட்டத்தை விட்டு டவுனுக்கு ஏறும் குடும்பம் எல்லாம் முதல் வகை. "தண்ணி ஒழுங்கா வருமா, பாத்ரூம் உள்ளயா வெளியயா" என்று கேட்பார்கள். இரண்டாவது வகைக்குத் தண்ணீர் பெரிய விஷயமில்லை. அவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "இந்த விலாசத்துல வாக்காளர் இடாப்புல பேர் பதியலாமா?"

இந்தக் கட்டுரை இரண்டாவது வகையைப் பற்றியது. என் மாமாவும் இப்போது அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியிருப்பதால் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அவர் இதை வாசிப்பார். வாசிக்கட்டும்.

மாமா குடும்பம் இருப்பது வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸில். மகன் தரம் ஒன்பது, கணக்கில் கெட்டிக்காரன். மகள் தரம் மூன்று. சில மாதமாகவே "மலைக்குப் போயிடுவமா" என்ற பேச்சு வீட்டில் ஓடுகிறது. வெளியில் சொல்லும் காரணங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். 2022க்குப் பிறகு கொழும்பில் வாடகையும் சாமான் விலையும் தாங்க முடியவில்லை, வெக்கை, தூசி, பிள்ளைகள் அமைதியான இடத்தில் வளரட்டும். குடும்ப வட்சப் குரூப்பில் தேயிலை மலையும் பனியும் உள்ள படங்கள் விழுகின்றன. (அந்தப் படங்களில் எப்போதும் ஆள் இருக்கமாட்டார்கள். இருந்தால் கூடையோடு ஒரு அம்மா, அவரும் சிரித்துக்கொண்டு.) இதெல்லாம் மேல்பூச்சு. உள்ளே இருக்கும் காரணம் ஒரு எண்: நுவரெலியா மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது. 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, சனத்தொகை விகிதப்படி. மிச்ச 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என்று பட்டியலிடப்பட்ட மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதனால் கொழும்பில் கிடைக்காத துறை அதே இசட் புள்ளிக்கு நுவரெலியாவில் கிடைக்கும். நீங்கள் எந்த மாவட்டம் என்பதைப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருஷம் எங்கே படித்தீர்கள் என்பதை வைத்துத்தான் பார்க்கிறார்கள். அந்த மூன்று வருஷத்தைக் கணக்குப் பார்த்துத்தான் தரம் ஒன்பதிலேயே குளிர் பிடிக்க ஆரம்பிக்கிறது.

"சட்டத்துல இருக்குதானே, அதைப் பாவிச்சா என்ன தப்பு?" இதுதான் முதல் வாதம். சட்டத்தில் இருக்கிறதுதான். அது ஏன் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

தரப்படுத்தல் என்றாலே நம் அரசியல் எழுத்துகளில் ஒரே ஒரு கதைதான் வரும். 1970களின் தொடக்கத்தில் மொழிவாரியாகப் புள்ளியைச் சரிக்கட்டியது அப்பட்டமான அநியாயம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டையும் அதே மூட்டையில் போட்டுக் கட்டிவிடுகிறோம். மன்னாருக்கும் வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அது ஒரு கதவைத் திறந்தது என்பதை மேடையில் சொல்ல ஆள் குறைவு. மலையகத்துக்கு அந்தக் கதவும் பிந்தித்தான் திறந்தது. எங்கள் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். அதற்கு முன் ஒரு மடுவம், ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு. அந்தப் பள்ளிக்கூடங்களில் உயர்தரம் வந்து, அதில் கணித விஞ்ஞானப் பிரிவு வந்து, அதற்குத் தமிழில் படிப்பிக்க ஆசிரியர் வருவதற்கு எத்தனை தலைமுறை போயிருக்கும்? இன்றைக்கும் தோட்டத்துப் பிள்ளை விஞ்ஞானம் படிக்கவேண்டும் என்றால் பஸ் ஏறி டவுனுக்கு வரவேண்டும். நான் வந்தேன். காலை ஐந்தே காலுக்கு எழும்பி, ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து. கடைசியில் கலைப்பிரிவைத்தான் எடுத்தேன், அது வேறு கதை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பு வரவு இடாப்பில் சில பெயர்கள் இருந்தன. ஆசிரியர் கூப்பிடுவார், யாரோ ஒருவர் பின்னாலிருந்து "லீவு சேர்" என்பார். அவர்கள் கொழும்பிலோ கண்டியிலோ டியூசனில் இருந்தார்கள். செயன்முறைப் பரீட்சை நாளன்று புதுச் சப்பாத்தோடு வந்து எங்களிடம் ஆய்வுகூடம் எங்கே என்று கேட்டார்கள். பாடசாலைப் பரீட்சார்த்திக்கு 80 சதவீத வரவு வேண்டும் என்பது விதி. அந்த விதிக்கு என்ன ஆனது என்று அப்போது கேட்க எங்களுக்கு வாய் இல்லை. பெறுபேறு வந்தபோது பள்ளிக்கூடத்து வாசலில் பெரிய பெனர் கட்டினார்கள். அதில் சிரித்த முகங்களில் பாதியை எங்களுக்கு யாரென்று தெரியாது.

கணக்கு எளிதானது. மாவட்டத்துக்கு இத்தனை இடம் என்று எண்ணிக்கை நின்றுவிடுகிறது. கொழும்பு டியூசனில் படித்த ஒருவர் பட்டியலில் மேலே வந்து உட்கார்ந்தால், கடைசி இடத்தில் இருந்தவர் வெளியே. வெட்டுப்புள்ளியும் கொஞ்சம் ஏறும். வெளியே போனவர் யார் என்று யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. "கொஞ்சத்துல போச்சு" என்று நினைத்துக்கொண்டு கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்வார். அந்தக் கடை மாமாவின் கடைக்குப் பக்கத்துக் கடையாகக்கூட இருக்கலாம்.

இதைச் சொன்னபோது மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன வெளியாளா? எங்க அப்பா பொறந்து வளந்து செத்ததெல்லாம் அந்த லயத்துலதான். என் மகனுக்கு இல்லாத உரிமை யாருக்கு?" என்றார்.

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. "வெளியாள்" என்ற சொல்லை மலையகத்து ஆள் ஒருவர் இன்னொருவரைப் பார்த்துச் சொல்வதற்கு முன் நாக்கு கூச வேண்டும். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்து எங்களை ஒட்டுமொத்தமாக வெளியாளாக்கியது இந்த நாடு. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று எங்களைக் கேட்காமலே பிரித்தார்கள். 1977இலும் 1983இலும் அடிபட்டு வன்னிக்குப் போனவர்கள் அங்கேயும் "தோட்டக்காட்டான்" என்றே அழைக்கப்பட்டார்கள். அதனால் யார் எங்கே பிறந்தார் என்று தோண்டி வாசலில் நின்று ஆள் தடுக்கும் வேலைக்கு நான் வரவில்லை. யாரும் எங்கேயும் போய் வாழலாம். மாமா வரலாம், யாழ்ப்பாணத்துக் குடும்பம் வரலாம், மாத்தறையிலிருந்தும் வரலாம்.

வாழ வாருங்கள் என்கிறேன். அவ்வளவுதான். ஒதுக்கீடு பிறப்புக்குக் கொடுத்தது கிடையாது, இல்லாமைக்குக் கொடுத்தது. தாத்தா லயத்தில் பிறந்தார் என்பதற்காகப் பேரனுக்கு வெள்ளவத்தையில் கிடைத்த டியூசன் இல்லாமல் போய்விடுமா? அவன் மூன்று வருஷம் இங்கே உண்மையிலேயே இருந்து, கணக்கு வாத்தியார் இல்லாத தவணையை எங்களோடு சேர்ந்து உட்கார்ந்து கழித்து, மழைக்கு பஸ் வராத நாளில் நடந்து வந்து படித்தால் அந்த வெட்டுப்புள்ளி அவனுக்கும் உரியதுதான். நான் கைதட்டுவேன். பெயரை இங்கே வைத்துவிட்டு ஆளை அங்கே வைத்திருந்தால், அதற்கு என்ன பெயர் என்று மாமாவுக்குத் தெரியும். அவர் கடையில் யாராவது அப்படிச் செய்தால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்.

எனக்கு எரிச்சல் தரும் இன்னொரு விஷயம் இருக்கிறது. டவுன் பக்கம் பத்துப் பேர்ச் காணி பார்க்கிறாராம். காசு இருந்தால் உறுதியோடு வாங்கலாம். அதே மலையில் ஐந்து தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பத்துக்குத் தான் இருக்கும் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறைக்கு ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. நிலம் அரசாங்கத்துடையது, 1992இலிருந்து கம்பனிகளின் கையில். இவ்வளவு காலம் கேட்டுப் போராடி வாங்கியது ஏழு பேர்ச் என்ற வாக்குறுதி, அதுவும் எல்லாருக்கும் வந்தபாடில்லை. பிரதேச சபை எங்கள் தோட்டத்துப் பாதைக்கு ஒரு சீமெந்து மூட்டை போடுவதற்கே 2018இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. புதிதாக வருகிறவருக்கு மூன்று மாதத்தில் விலாசம் கிடைக்கிறது. பழையவர்களின் கடிதம் இன்னும் தோட்டத்து ஒபிஸுக்குத்தான் போகிறது.

இதில் மாமாவின் குற்றம் எதுவுமில்லை. ஆனால் விலாசம் எவ்வளவு பெரிய சொத்து என்று தெரிந்துகொண்டாவது அதைக் கேட்கவேண்டும்.

சரி, உண்மையிலேயே குடும்பத்தோடு மலைக்கு வருவதைப் பற்றி யோசிக்கிறவர்கள் எதைப் பார்க்கவேண்டும்? பனிப் படத்தைப் பார்க்காதீர்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் ஜூன், ஜூலை மாதங்களில் வந்து ஒரு கிழமை தங்கிப் பாருங்கள். துணி காயாது, சுவர் வியர்க்கும், அத்தைக்கு இருக்கும் இழுப்புக்கு அது சரிவருமா என்று அப்போது தெரியும். வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண் திட்டு இருந்தால், எத்தனை அடி என்று அளந்துவிட்டு வாடகை பேசுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மேல் மலை இறங்கியது. அந்த இடம் ஆபத்து என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது, போவதற்குத்தான் அந்த மக்களுக்கு வேறு இடம் கொடுக்கப்படவில்லை. 2025 நவம்பரில் டிட்வா புயல் வந்தபோது மலையகத்து ரயில் பாதையே பல இடங்களில் சிதைந்தது. டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டிய ஆஸ்பத்திரி இருக்கிறது, நல்ல விஷயம். பெரிய வருத்தம் என்றால் அங்கிருந்தும் கண்டிக்கோ நுவரெலியாவுக்கோதான் அனுப்புவார்கள், வளைந்து வளைந்து போகும் அந்தப் பாதையில். வேலை? மாமா கொழும்புக் கடையை விடமாட்டார். அப்படியென்றால் அத்தையும் இரண்டு பிள்ளைகளும் இங்கே, மாமா ஞாயிற்றுக்கிழமை கோச்சியில். இதைக் குடும்பம் இடம்பெயர்வது என்று சொல்ல முடியுமா?

தரம் மூன்றில் படிக்கும் மகளைப் பற்றி இந்தப் பேச்சு முழுக்க ஒரு வார்த்தை வரவில்லை என்பதையும் கவனித்தேன். அண்ணன் பரீட்சை எழுதும் வரை அவள் இங்கே ஒரு பள்ளிக்கூடம், அது முடிந்ததும் திரும்பக் கொழும்பில் ஒரு பள்ளிக்கூடம். அவளுடைய மூன்று வருஷத்தை யாரும் எண்ணவில்லை.

விதியிலும் ஓட்டை இருக்கிறது. மாவட்டம் என்ற அளவுகோல் மிகப் பெரியது. நுவரெலியா டவுனில் எல்லா வசதியோடும் படிக்கிற பிள்ளையும் பொகவந்தலாவை மேல் டிவிஷனில் இருந்து வருகிற பிள்ளையும் அதற்கு ஒன்றுதான். மலையகத்தின் சொந்த வசதிக்காரர்களும் இந்த மறைப்பில்தான் நிற்கிறார்கள், வெளியிலிருந்து வருகிறவர்களை மட்டும் திட்டிப் பிரயோசனமில்லை. பாடசாலையில் ஆய்வுகூடம் இருக்கிறதா, பாட ஆசிரியர் எத்தனை மாதம் இருந்தார் என்பதை வைத்து ஒதுக்கீட்டைக் கணக்கிட்டால் வாக்காளர் இடாப்பைத் தேடி யாரும் அலையமாட்டார்கள். எங்கள் அரசியல்வாதிகள் தேர்தலுக்குத் தேர்தல் மலையகத்துக்குப் பல்கலைக்கழகம் என்கிறார்கள். கட்டட வாக்குறுதி தருவது லேசு. இந்தக் கணக்கைக் கையில் எடுக்க ஒருவரையும் காணோம்.

அது வரும் வரைக்கும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. உயர்தர விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதிபர்மார் வரவு இடாப்பைத் திறந்து பார்க்கவேண்டும். பழைய மாணவர் சங்கங்கள் பெனருக்குக் காசு சேர்ப்பதை விட்டுவிட்டு அதைப் பார்க்கச் சொல்லிக் கேட்கவேண்டும். "லீவு சேர்" என்று பின்னாலிருந்து குரல் கொடுக்கும் தம்பி தங்கச்சிமாரே, நீங்கள் முதலில் அதை நிறுத்துங்கள்.