ஒரு மணி நேரக் கணக்கு

ரெய்டு கன்ட்ரோலரிலிருந்து கணினி பூட் ஆக வேண்டுமானால், இயங்குதளம் வருவதற்கு முன்பே அந்த அட்டை தன்னை மதர்போர்டுக்குத் தெரியப்படுத்த வேண்டும். பழைய பயாஸில் இதை அட்டையிலுள்ள ஆப்ஷன் ரோம் செய்தது. வட்டைப் படிக்கும் பயாஸ் சேவையை அது தன் வசம் எடுத்துக்கொண்டது. யு.இ.எஃப்.ஐ. முறையில் அதற்கென்றே எழுதிய டிரைவர் அட்டையில் இருக்க வேண்டும். பழைய முறையை 2020-க்குள் கைவிடப்போவதாக இன்டெல் 2017-இல் அறிவித்தது. அந்த டிரைவர் இல்லாத பழைய அட்டைகள் நல்ல நிலையில் இருந்தும் புதிய போர்டுகளின் பூட் பட்டியலில் காணாமல் போவது இதனால்தான்.

அட்டை தெரிந்துவிட்டால், அதன் அமைப்புத் திரையில் வட்டுகளைச் சேர்த்து, பூட் ஆக வேண்டிய தொகுப்பைக் குறிக்க வேண்டும். பிறகு போர்டின் பூட் வரிசையில் அதை முதலில் வைக்க வேண்டும். பெரும்பாலான கையேடுகள் இத்தோடு முடித்துக்கொள்கின்றன. இது பெரிய குறை. லினக்ஸின் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் அட்டைக்கான மாட்யூல் இல்லாவிட்டால், கெர்னல் ஏறிய பிறகும் ரூட் பகிர்வு கிடைக்காமல் பூட் நின்றுவிடும். விண்டோஸ் நிறுவும்போதும் சில அட்டைகளின் டிரைவரைத் தனியாக ஏற்ற வேண்டியிருக்கிறது.

கையேடுகள் விட்டுவிடும் இன்னொன்றுக்கு, ஒரு பெர்க்லி கட்டுரைக்குத் திரும்ப வேண்டும். பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988-இல் ரெய்டை உலகுக்கு அறிமுகப்படுத்திய கட்டுரை அது. ஒரு வட்டின் சராசரி ஆயுள் 30,000 மணி நேரம் என்றால், 100 வட்டுகளில் ஏதாவது ஒன்று சராசரியாக 300 மணி நேரத்தில், அதாவது இரண்டு வாரத்துக்குள், பழுதாகும். ஒவ்வொன்றுக்கும் நகல் வட்டு வைத்தால் தரவு இழப்புக்கான சராசரிக் காலம் 45 லட்சம் மணி நேரமாகிறது. 500 ஆண்டுகளுக்கும் மேல். எத்தனை அழகான கணக்கு! ஆனால் பழுதான வட்டு 1 மணி நேரத்தில் மாற்றப்படும் என்ற அனுமானத்தின் மேல்தான் அது நிற்கிறது. மாற்ற ஒரு மாதமானால், அதே சூத்திரப்படி 500 ஆண்டு ஒன்பது மாதத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

பூட் வட்டில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். இரண்டில் ஒன்று செத்தாலும் கணினி வழக்கம்போல் எழும், யாருக்கும் தெரியாது. அட்டையின் பஸ்ஸர் பூட்டிய சர்வர் அறைக்குள் அலறிக்கொண்டிருக்கும். ஆகவே நிறுவிய அன்றே, பழுதை மின்னஞ்சலில் தெரிவிக்கும் கண்காணிப்பு மென்பொருளை அமைத்து, ஒரு வட்டைப் பிடுங்கிப் பார்த்து, மடல் வருகிறதா என்று சோதிக்க வேண்டும். ஹாட் ஸ்பேர் வட்டு ஒன்று இருந்தால், ஆள் வருவதற்கு முன்பே மறுகட்டமைப்பு தொடங்கிவிடும்.