யாரைக் கேட்டு எழுதினார்கள்?



அகதி முகாமுக்கு ஓர் உத்தியோகத்தர் வருகிறார். கையில் பதிவேடு. "குடும்பத் தலைவர் யார்?" என்று கேட்கிறார். கணவரின் பெயர் எழுதப்படுகிறது. எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று குறித்துக்கொண்டு அடுத்த கொட்டிலுக்குப் போய்விடுகிறார். அந்தக் கணக்குப்படி அரிசியும் மாவும் பருப்பும் வந்து சேரும். நல்லதுதான். ஆனால் அந்தக் கொட்டிலில் இருந்த பெண்ணிடம் கேட்கப்படாமல் போன கேள்விகள் எத்தனை என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

வடபுலத்து முஸ்லிம்களின் கதையை உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மாவட்டங்களிலிருந்து சுமார் 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்து மக்களுக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். பெண்கள் காதிலும் கழுத்திலும் கிடந்தவற்றைக் கூடக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடந்தார்கள். பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. அங்குள்ள மக்கள் பள்ளிவாசலையும் பாடசாலையையும் திறந்து கொடுத்து, தங்கள் சோற்றையும் பகிர்ந்தார்கள். பிறகு கிடுகுக் கொட்டில்கள் எழும்பின. சில மாதங்களுக்கென்று போட்ட அந்தக் கொட்டில்களில் ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்தது.

இப்படிப்பட்ட மக்களுக்கு இரண்டு விதமான உதவி தேவை. ஒன்று நிவாரணம். பசிக்குச் சோறு, மழைக்குக் கூரை. மற்றது பாதுகாப்பு. பாதுகாப்பு என்றவுடன் துவக்கோடு நிற்கும் காவலரை நினைத்துவிடாதீர்கள். ஒருவருடைய உயிர், மானம், காணி, அடையாளப் பத்திரம், பிள்ளையின் படிப்பு, வாக்குரிமை, விரும்பிய இடத்தில் வாழும் சுதந்திரம் இவை யாவும் அதில் அடங்கும். முகாமில் பானை நிறைந்திருக்கலாம். பாதுகாப்பு கொஞ்சமும் இல்லாமலும் இருக்கலாம்.

நிவாரணத் தேவையைத் தலைக்கணக்கில் அறியலாம். பாதுகாப்புத் தேவையை அப்படி அறிய முடியாது. திரும்பத் திரும்பப் போய், தனித்தனியே கேட்டு, போன மாதம் சொன்னது இந்த மாதம் எப்படி மாறியிருக்கிறது என்று பார்த்துவர வேண்டும். இதைத்தான் கண்காணிப்பு என்கிறார்கள். (அந்தச் சொல் நம் பெண்களுக்குப் பிடிக்காது. சோதனைச் சாவடிதான் நினைவுக்கு வரும். ஆனாலும் வேறு நல்ல சொல் கிடைக்கவில்லை.)

கேட்கும் விதத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. முகாம் தலைவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசலில் ஆண்கள் கூடி நிற்க, "உங்களுக்கு ஏதும் கஷ்டம் உண்டா?" என்று கேட்டால் எந்தப் பெண் வாய் திறப்பாள்? "அல்ஹம்துலில்லாஹ், ஒன்றுமில்லை" என்று சொல்லி உள்ளே போய்விடுவாள். மலசலகூடம் தூரத்தில் இருக்கிறது, வெளிச்சமில்லை, அதனால் இருட்டிய பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டேன் என்பதை அவள் ஒரு பெண்ணிடம்தான் சொல்வாள். கற்பிட்டி வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போன பெண்களைப் பற்றி நமக்குத் தெரியும். வேலைக்குப் போய்வரும் வழியில் என்ன நடக்கிறது, கூலி சரியாகக் கிடைக்கிறதா, வீட்டில் விட்டுப்போன வயது வந்த மகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பவற்றுக்கெல்லாம் பதிவேட்டில் பத்தி கிடையாது. சொன்னவள் பெயர் வெளியே போகாது என்ற உறுதியும் வேண்டும். இல்லாவிட்டால் கேட்க வந்தவரே அவளுக்குப் புது ஆபத்தைக் கொண்டுவந்தவராவார்.

1998இல் ஐக்கிய நாடுகள் சபையில் உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்கான வழிகாட்டிக் கோட்பாடுகள் முன்வைக்கப்பட்டன. சூடான் நாட்டவரான பிரான்சிஸ் டெங் அதற்கு முன்னின்றவர். மொத்தம் 30 கோட்பாடுகள். அவை சட்டமல்ல, அரசுகளை நீதிமன்றத்துக்கு இழுக்க அவற்றால் முடியாது. ஆனாலும் பெண்களுக்கு வேண்டிய சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்கின்றன. நிவாரணத்தைத் திட்டமிடுவதிலும் பகிர்வதிலும் பெண்கள் முழுமையாகப் பங்குபற்ற வேண்டும் என்கிறது 18ஆம் கோட்பாடு. 20ஆம் கோட்பாடு நம் எல்லோர் வீட்டிலும் எழுதி ஒட்டத்தக்கது: பத்திரங்களைத் தன் சொந்தப் பெயரிலேயே பெறும் உரிமை ஆணுக்குப் போலவே பெண்ணுக்கும் உண்டு.

இது ஏன் இத்தனை முக்கியம்? நிவாரண அட்டை கணவர் பெயரில் இருக்கிறது. அவர் மௌத்தாகிவிட்டால், அல்லது விட்டுவிட்டுப் போய்விட்டால், அந்த அட்டையைத் தன் பெயருக்கு மாற்ற அவள் எத்தனை வாசல் ஏற வேண்டும்! காணியிலும் இதே கதை. அரச காணி அனுமதிப் பத்திரம் பெரும்பாலும் 'குடும்பத் தலைவர்' என்று கணவர் பெயரிலேயே வழங்கப்பட்டு வந்தது. கிழக்கில் பெண்பிள்ளைக்கே வீடு கொடுக்கும் வழக்கமுள்ள ஊர்களில்கூட, 2004 சுனாமிக்குப் பின் கட்டிக் கொடுத்த வீடுகள் பல கணவர் பெயரில் எழுதப்பட்டன. உம்மா கொடுத்த வளவில் வாழ்ந்தவள் பதிவேட்டில் வெறும் மனைவியானாள்.

வடக்கில் விட்டுவந்த காணிகளுக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. நம் நாட்டுச் சட்டப்படி, ஒருவர் மற்றவரின் தனியார் காணியை 10 ஆண்டுகள் எதிர்ப்பின்றி ஆண்டு அனுபவித்தால் உரிமை கோரலாம். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர் எப்படி எதிர்ப்பது? 1983 மே முதல் 2009 மே வரை பயங்கரவாதச் செயல்களால் தம் உரிமையைத் தேடமுடியாமல் போனவர்களுக்காக ஒரு சிறப்புச் சட்டம் வந்தது 2016இல்தான். வெளியேற்றப்பட்டு 26 ஆண்டுகள் கழித்து. எவர் காணியில் எவர் குடியிருக்கிறார் என்பதைத் தொடக்கத்திலிருந்தே தொடர்ந்து குறித்து வந்திருந்தால் எத்தனையோ வழக்குகள் தவிர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

2009 மே மாதம் போர் முடிந்தது. வன்னியில் கடைசிப் போரில் சிக்கி, முள்வேலி முகாம்களில் அடைபட்ட இலட்சக்கணக்கான தமிழ் மக்களின் நிலை மிகக் கொடியது. அவர்களை முதலில் கவனித்தது நியாயமே. ஆனால் 'புதிய' இடம்பெயர்ந்தோர், 'பழைய' இடம்பெயர்ந்தோர் என்று ஒரு கோடு கிழிக்கப்பட்டதில், 1990இல் வந்தவர்கள் பழையவர்களாகிப் பின்வரிசைக்குப் போனார்கள். துன்பம் பழையதானால் தேவையும் குறைந்துவிடுமா?

திரும்பிப் போனவர்களுக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. 1990இல் ஒரு குடும்பமாக வந்தவர்கள், பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்து நான்கு குடும்பமாக நின்றார்கள். வளவு ஒன்றுதான். காட்டுமரம் வளர்ந்து, கிணறு தூர்ந்து கிடந்த இடத்தில் ஆண்கள் துப்புரவு செய்ய, பாடசாலை இல்லாததால் பெண்களும் பிள்ளைகளும் புத்தளத்தில் தங்கினார்கள். உடனே, "இவர்கள் உண்மையாகத் திரும்பியவர்கள் அல்லர்" என்ற பேச்சு எழுந்தது. வாக்குப் பதிவிலும் இந்த இழுபறிதான். வடக்கில் பெயர், புத்தளத்தில் வாழ்க்கை. 2019 நவம்பர் 16ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தலன்று, வாக்களிப்பதற்காகப் புத்தளத்திலிருந்து மன்னாருக்குப் போன பஸ்கள் மீது தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 29 ஆண்டுகள் கழித்தும் ஒரு வாக்குப் போடுவதற்குப் பாதுகாப்பு வேண்டியிருந்தது!

ஆகையால் சகோதரிகளே, இடம்பெயர்ந்தவர்களுக்கு உதவப் போகும்போது, சாமான் பொதியைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பாதீர்கள். பெண்களோடு பாயில் உட்காருங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, அடையாள அட்டை எல்லாம் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் பிரதேச செயலகத்துக்கு ஒரு நாள் கூடப் போய் வாருங்கள். அடுத்த மாதமும் அதே பெண்ணைப் போய்ப் பாருங்கள்.

நீங்களே இடம்பெயர்ந்தவராக இருந்தால், உறுதி, அனுமதிப் பத்திரம், பழைய வாக்காளர் இடாப்பின் பிரதி, அந்த ஊர்ப் பாடசாலைச் சான்றிதழ் எது கையில் இருந்தாலும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். பதிவுக்கு எவராவது வந்தால், எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பெயர் எந்தப் பத்தியில் இருக்கிறது, காணி யார் பெயரில் இருக்கிறது, புத்தளத்தில் பிறந்த மகளின் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே கையெழுத்திடுங்கள்.